நிராகரிப்பு விகிதம் பூஜ்யம்

மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்விதழின் ஆசிரியருக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் கட்டுரை அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டுவிடுவார். பிழை இருந்தால் அவரே உட்கார்ந்து திருத்துவார். அட்டவணை இல்லையென்றால் அவரே போட்டுக் கொடுப்பார். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. இப்போதுதான் அங்கீகாரக் குழுவின் கடிதம் வந்து தலையில் இடியை இறக்கியது.

‘தங்கள் இதழ் எல்லா வகையிலும் சிறப்பு. ஆனால் இதுவரை ஒரு கட்டுரையைக்கூட நிராகரிக்கவில்லை. நிராகரிக்காத இதழை அங்கீகரிக்க விதியில் இடமில்லை. மாத இறுதிக்குள் ஒன்றையாவது நிராகரித்து, தக்க காரணத்துடன் அனுப்பவும்.’

அங்கீகாரம் வராவிட்டால் இதழை இழுத்து மூடிவிடுவதாகக் கல்லூரி முதல்வர் முன்பே சொல்லியிருந்தார். புதிதாக எந்தக் கட்டுரையும் வரவில்லை. ஆசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில், குழாய் பதிக்கும் வேலை செய்கிற மச்சினனுக்கு போன் போட்டார்.

“மாப்ள, மண்ணைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. படுமோசமா இருக்கணும்.”

“அதுக்கு நான்தான் கெடைச்சனா மாமா?”

“உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

இது பாராட்டா திட்டா என்று புரியாமலே மச்சினன் ஒரு மத்தியானத்தில் நாலு பக்கம் கிறுக்கிக் கொடுத்தார். குழாய்ப் பள்ளத்தை மூடியபின் எத்தனை மழைக்கு மண் எவ்வளவு அமுங்கும் என்று, முப்பது தெருக்களில் கண்ணால் கண்டதை அப்படியே எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர்கள் இருவரும் துள்ளிக் குதித்தார்கள். ஒருவர் இதை உடனே வெளியிடச் சொன்னார். இன்னொருவர் மச்சினனைக் கருத்தரங்கில் பேச அழைத்தார்.

மாதம் முடிய மூன்றே நாள்.

“உங்க கட்டுரை ஒண்ணு இருக்கே, அதையே தள்ளிடுங்க. கோவிச்சுக்கிட்டு யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க” என்றாள் மனைவி.

அது ஆசிரியரின் பதினோரு வருட உழைப்பு. சரிவான நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு, சுற்றிலும் வேலி. ஒன்றில் புல், மற்றது வெறுந்தரை. மழையில் கரைந்து கீழே தொட்டிக்கு வரும் மண்ணைத் தினமும் இறங்கிப் போய் அளந்திருந்தார். வெறுந்தரையில் ஏழு மடங்கு அதிகம். அங்கீகாரம் கிடைத்ததும் முதல் இதழில் போடவென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

ஆனால் இதழ் பிழைக்க வேண்டுமே! பொய்க் காரணம் எழுதவும் மனம் வரவில்லை. சிவப்புப் பேனாவோடு, பகையாளி எழுதியதைப் படிப்பதுபோல் உட்கார்ந்தார். முதல் மூன்று பக்கத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை; கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘புல்லை மிதித்துவிடாதிருக்க, ஆய்வாளர் தினமும் வெறுந்தரை வழியாகவே இறங்கி ஏறினார்.’

பேனா நின்றது. கூடவே இருந்த புகைப்படத்தைப் பார்த்தார். வெறுந்தரையின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒற்றையடிப் பாதை. மழைத்தண்ணீர் அதில்தான் ஓடியிருந்தது. பதினோரு வருடம் தன் செருப்பு கிளப்பிய மண்ணை அளந்து, மனுஷன் மழைமேல் பழி போட்டிருக்கிறார்! அழுகை வந்தது, அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தனக்கே கடிதம் எழுதினார்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அளந்த மண்ணைத் தாங்களே அரித்திருக்கிறீர்கள். கட்டுரையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’

அங்கீகாரம் வந்துவிட்டது. ‘இத்தனை கறாரான, நேர்மையான நிராகரிப்பை நாங்கள் கண்டதில்லை. அந்த ஆய்வாளருக்கு எங்கள் அனுதாபங்கள்’ என்று குழு எழுதியிருந்தது. முதல்வர் பாராட்டுக் கூட்டம் நடத்தி அந்த வரியை மைக்கில் இரண்டு தடவை வாசித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஆசிரியரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் புது நோட்டு ஒன்றை எடுத்து ‘முதல் வருடம்’ என்று எழுதினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. மறுபடியும் பதினோரு வருஷமா?”

“நாளைலேருந்து அலாரத்தை இருபது நிமிஷம் முன்னாடி வை” என்றார். “வேலிக்கு வெளியால சுத்திப் போகணும்.”