முழு ஆள் சான்று

வெள்ளிக்கிழமை காலை தில்லைநாயகத்தின் வீட்டுக்குக் குடியிருப்போர் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. அந்த வீட்டில் ஆள் யாரும் குடியிருக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஆளில்லாத வீட்டு வாசலில் மணியடித்ததற்குத் தபால்காரர் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

மாலை நான்கு மணிக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால், வீடு அங்கே உண்மையில் வசிப்பவர்களிடம் ஒப்படைக்கப்படும்.

"உண்மையில வசிக்கிறவங்க யாராம்?" என்றாள் அவர் மனைவி வடிவாம்பாள்.

"அது போடலே."

"போய்க் கேட்டுட்டு வாங்க. வர்ற வழியில எதுவும் மலிவா கெடைச்சா வாங்காதீங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான்கு மாதங்களாகத் தில்லைநாயகம் எந்தப் பொருளையும் அது மலிவாகக் கிடைக்கும் கடையில்தான் வாங்கினார். துவரம்பருப்பு பேருந்து நிலையத்து மொத்தக் கடையில். நல்லெண்ணெய் செக்கில். சர்க்கரை, குளிரூட்டிய சூப்பர் மார்க்கெட்டில். மிளகாய் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். மாதம் முந்நூறு ரூபாய் மிச்சமாயிற்று. செருப்புத் தேய்ந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அவர் இருபது ஆண்டுகளாக மளிகை வாங்கிவந்தது தங்கப்பழம் அண்ணாச்சியின் கடையில். இப்போது வேறு கடைப் பையோடு அவர் எந்தத் தெருவில் திரும்பினாலும், அந்தத் தெருவின் முனையில் அண்ணாச்சி கடை இருந்தது. தில்லைநாயகம் பையைக் குடைக்குப் பின்னால் மறைப்பார். மறைத்தால் பை பெரிதாகும். அண்ணாச்சி ஒன்றும் கேட்கமாட்டார். பொட்டலத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பொட்டலத்தை எடுப்பார்.

குடியிருப்போர் அலுவலகத்தின் தாழ்வாரம் மிக நீளமாக இருந்தது. பருப்புக்காக அவர் நடந்த தூரம் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. கடைசி ஜன்னலில் லூர்துமேரி என்ற அதிகாரி அமர்ந்திருந்தார். அவர் கோப்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க வீட்ல யாரும் இல்லையே."

"நான் இருக்கேன் மேடம். என் சம்சாரம் இருக்கா."

"கடைங்கள்லேர்ந்து விவரம் வந்திருக்கு. வாசிக்கிறேன். சந்தை: மிளகாய், வேற ஒண்ணும் இல்ல. அது கிளி."

"கிளியா?"

"சூப்பர் மார்க்கெட்: சர்க்கரை மட்டும். எறும்பு. செக்கு: சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய். அது விளக்கு."

"துவரம்பருப்பு?"

"அதுல கருத்து வேறுபாடு இருக்கு. புறான்னு எழுதி வெச்சிருக்கோம்."

"நாங்க ரெண்டு பேரும் இதெல்லாம் சேர்த்து சாம்பார் வெச்சு சாப்பிடறோம் மேடம்."

"சேர்த்ததுக்குப் பதிவு இல்ல. ஒரு கடைலகூட ஒரு முழு ஆளுக்கான சாப்பாடு போகல. நாலு மணிக்குச் சாவி கிளிக்குப் போயிடும்."

"கிளி மனு போட்டிருக்கா?"

"போடல. எந்தத் தொந்தரவும் குடுக்காத கிளி."

தில்லைநாயகம் தமக்குரிய வழி என்ன என்று கேட்டார். ஒரு கடைக்காரர், நேரில் வந்து, இவர் முழு ஆள் என்று எழுதித் தரவேண்டும் என்றார் அதிகாரி. படிவம் கொடுத்தார். படிவம் வெறும் தாளாக இருந்தது.

அவர் முதலில் செக்குக்குப் போனார். செக்குக்காரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க தலைமயிருக்கும் முட்டிக்கும் எழுதித் தர்றேங்க. எண்ணெய் பட்ட எடம் அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சூப்பர் மார்க்கெட்டில் நாக்குக்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள். மொத்தக் கடையில் மூட்டைகளுக்குத்தான் எழுதித் தருவார்களாம்; அவர் மூட்டை இல்லை. சந்தை ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கே போக வழி இல்லை. நண்பகலில் அவரிடம் தலைமயிரும் முட்டிகளும் நாக்கும் இருந்தன. வயிறு யாரிடமும் இல்லை.

எஞ்சியவர் அண்ணாச்சிதான்.

தில்லைநாயகம் வெறுங்கையோடு முதல் தெருவில் திரும்பினார். முனையில் கடை இல்லை. முனை மட்டும் இருந்தது. அடுத்த தெருவிலும் அப்படியே. ஒன்பது தெருக்கள் திரும்பினார். அண்ணாச்சி கடை எதிலும் இல்லை. நான்கு மாதங்களாகப் பார்க்க விரும்பாத ஒன்றை, இப்போது பார்க்க விரும்பி அவர் தேடினார். எதிரே வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தார்.

"கையில எந்தக் கடைப் பையும் இல்லாம போனா எப்படிங்க தெரியும்?" என்றாள் அவள்.

அவர் பேருந்து நிலையத்துக்குப் போய், மொத்தக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினார். கடையின் பெயர் பெரிதாக அச்சிட்ட பையில் போடச் சொன்னார். அதை மறைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். முதல் முனையிலேயே அண்ணாச்சி கடை இருந்தது.

"பருப்பு என்ன வெலைக்கு எடுத்தீக?" என்றார் அண்ணாச்சி. நான்கு மாதங்களில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"நூத்தி இருபத்தெட்டு."

"எனக்கே நூத்தி முப்பதுக்குல்லா வருது. நல்ல பருப்புதானா? காட்டுங்க." ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டார். "வேகும். வேகும்."

தில்லைநாயகம் விஷயத்தைச் சொன்னார். கிளியைப் பற்றியும் சொன்னார். அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாலு மாசமா எங்கிட்ட என்ன வாங்கினீகன்னு நெனப்பிருக்கா சார்?"

"தீப்பெட்டி."

"எத்தனை?"

"தாண்டிப் போறப்பெல்லாம் ஒண்ணு."

"அம்பத்தேழு. அம்பத்தேழு தீப்பெட்டிய வெச்சு என்ன செஞ்சீக?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு அண்ணாச்சி. உங்க மொகத்தைப் பாத்துட்டுச் சும்மா போக முடியல."

அண்ணாச்சி படிவத்தை வாங்கினார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். எழுதுவதை வாய்விட்டும் சொன்னார்: "இவர் தேவைப்படாத தீப்பெட்டியை வெட்கப்பட்டு வாங்குகிறவர். கிளி, எறும்பு, விளக்கு முதலியவை அவ்வாறு செய்வதை நான் பார்த்ததில்லை. ஆகவே முழு ஆள்." கையெழுத்திட்டு, கடையைச் சாத்தி, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அண்ணாச்சிக்குத் தாழ்வாரம் மூன்றடிதான் இருந்தது. தில்லைநாயகம் முழுதும் நடந்து வந்து சேரும்வரை ஜன்னலருகே காத்திருந்தார்.

லூர்துமேரி சான்றைப் படித்தார். "சரியா இருக்கு. சான்று கொடுத்தவர் எங்க மளிகை வாங்குறார்?"

"நான் எங்கயும் வாங்கலம்மா. எனக்குக் கடை இருக்குல்லா."

"அப்ப நீங்க கடை."

"ஆள் இல்லையா?"

"கடைங்களுக்கு வேற ஜன்னல். அது செவ்வாய்க்கிழமை திறக்கும்." பேனாவை மூடினார். "ஒருத்தர்கிட்டயே ஒரு முழு ஆளுக்கான மளிகை வாங்கிட்டு வாங்க. மணி மூணு ஆகுது."

"ஆளில்லாத வீட்ல விக்கலாமா மேடம்?" என்று தில்லைநாயகம் கேட்டார்.

"பொருள் இருந்தா போதும்."

இருவரும் தில்லைநாயகத்தின் வீட்டுக்கு ஓடினார்கள். வடிவாம்பாள் விஷயத்தைக் கேட்டாள். மறுபேச்சில்லாமல் சமையலறைக் கதவின் குறுக்கே பலகையைப் போட்டு, அதன் பின்னால் நின்றாள்.

"என்ன வேணும்?"

"அரிசி பத்து கிலோ. பருப்பு என்ன வெலம்மா?"

"நூத்தி முப்பத்தஞ்சு."

"உங்க வீட்டுக்காரர் நூத்தி இருபத்தெட்டுக்குல்லா வாங்கியாந்தாரு!"

"அவர் நடந்து போனார். நடைக்கு ஏழு ரூபா."

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார், வாங்கினார். புளி, மிளகாய், கடுகு, சீரகம், கருப்பட்டி, எண்ணெய் எல்லாம் பையில் ஏறின. கடைசியில் உப்புக்கு வந்தார்கள்.

"உப்பு வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "நாலாவது வீட்ல ரெண்டு ரூவா கம்மி. அங்கன வாங்கிக்கிடுதேன்."

"அண்ணாச்சி!" என்றார் தில்லைநாயகம். "உப்பில்லாம முழு ஆள் கணக்கு வராது. மணி மூணே கால்."

"மலிவா கெடைக்க எடத்துலதான வாங்கணும்? நாலு மாசமா நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீக."

அந்த இரண்டு ரூபாய் தில்லைநாயகத்துக்கு உறைத்தது. நம் வீட்டு உப்புக்கு என்ன குறை என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டார். அவர் மனைவியைப் பார்த்தார்.

"வெலையக் கொறைக்க முடியாது," என்றாள் வடிவாம்பாள். "எங்களுக்கே கட்டாது."

அண்ணாச்சி பையைத் தூக்கினார். படியிறங்கினார்.

வடிவாம்பாள் ஜாடியில் கைவிட்டு இரண்டு கை உப்பு அள்ளினாள். காகிதத்தைச் சுருட்டி அதில் கொட்டினாள். வாசல்வரை போய், அண்ணாச்சியின் பையில் மேலாகச் செருகினாள்.

"வேண்டாம்னேனே அம்மா."

"இது கொசுறு."

"கொசுறு வாடிக்கைக்காரங்களுக்குத்தான போடுவாங்க?"

"பின்னே நீங்க யாராம்?"

அண்ணாச்சி உப்புப் பொட்டலத்தைப் பைக்குள் அழுத்தி வைத்தார். பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். இருபது ஆண்டுகளாக அவர் ஊருக்கே கொசுறு போட்டிருக்கிறார். அவருக்கு எவரும் போட்டதில்லை.

"சரி, போவோம் சார்," என்றார்.

இந்த முறை தாழ்வாரம் இருவருக்கும் ஒரே நீளமாக இருந்தது. லூர்துமேரி பையிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தார். உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

"முடிஞ்சது. நாலு மணிலேர்ந்து நீங்க இருக்கீங்க."

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"அதுவரைக்கும் மேடம்?"

அவர் பதில் சொல்லவில்லை. இல்லாதவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

இருவரும் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எட்டு நிமிடங்களுக்கு அவர்களை யாரும் தேட முடியாது. அண்ணாச்சி பையைத் துழாவிக் கருப்பட்டியை எடுத்தார். பெஞ்சின் விளிம்பில் தட்டி உடைத்து, பெரிய துண்டைத் தில்லைநாயகத்திடம் நீட்டினார்.

"அசல் கருப்பட்டி. எங்கன வாங்கினீக?"

தில்லைநாயகம் கடையின் பெயரைச் சொன்னார். அவர் மறைக்கவில்லை.

"ரொம்பத் தூரமாச்சே சார்."

"ஆமா. அடுத்த வாரம் சேர்ந்து போலாமா?"

"போலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தா இன்னும் கொறைப்பான்."

மென்று முடித்தார்கள். கடிகாரம் நான்கு முறை அடித்தது. லூர்துமேரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். பெஞ்சில் இரண்டு பேர் இருப்பதைக் கண்டு சற்றுத் திடுக்கிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்க சார், வாங்க. நீங்க ரெண்டு பேரும் எப்ப வந்தீங்க?"