படையலில் வைத்த பர்பன்

இலையின் வலது ஓரத்தில் கண்ணாடிக் கோப்பை, அதில் இரண்டு விரல் உயரத்துக்குப் பர்பன் விஸ்கி, ஜன்னலுக்கு வெளியே கென்டக்கியின் பனி, அந்த வெளிச்சம் பட்டுத் தேன் நிறமாய் நிற்கிறது, பக்கத்தில் கறிக்குழம்பு, அவித்த முட்டை, புருஷன் தவசியின் படம், அன்னமயில் இதையெல்லாம் யாரோ வீட்டு விசேஷத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவன் மாரடைப்பில் போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, மனசு மரத்துக் கிடக்கிறது, தேனியிலிருந்து வந்திருக்கும் கொழுந்தன் மாயழகு, வாங்க மதினி, கதவைச் சாத்துவோம், அண்ணன் வந்து சாப்பிடட்டும் என்கிறான், செத்தவருக்குப் பிடித்ததை வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும், நடுவில் திறந்தால் வந்தவர் பசியோடு போய்விடுவார், அவர்கள் பக்கத்து வழக்கம் அது, இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை, ஆனால் அலமாரியில் மூன்று பாட்டில், அண்ணன் எதைக் குடிப்பாரு என்று மாயழகு கேட்டபோது, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியவில்லை, வெட்கக்கேடு, எது அதிகம் காலியாகியிருக்கிறதோ அதுதானே பிடித்தது என்று பர்பனை எடுத்து ஊற்றிவிட்டாள்.

சாத்திய கதவுக்கு வெளியே, குளிரில், மூக்கில் இன்னும் அந்த வாசனை, வெல்லப்பாகும் கருகிய மரமும், அவன் இருந்தபோது ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம், தவசி அடுப்படிக்கு வருகிறான், அடியே மயிலு, இதக் கேளேன், பர்பன்னா பாதிக்கு மேல மக்காச்சோளம் இருக்கணும், உள்ள தீயில கருக்குன புதுப் பீப்பாயில ஊறணும், அதான் இந்த இனிப்பு, பக்கத்து டென்னசிக்காரன் கிட்டத்தட்ட இதே சரக்கத்தான் மேப்பிள் மரக்கரியில சொட்டுச் சொட்டா வடிகட்டுவான், வழுவழுன்னு இறங்கும், ரைங்கிறது வேற தானியத்து விஸ்கி, மிளகக் கடிச்ச மாதிரி சுள்ளுனு புடிக்கும், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உம் கொட்டுகிறாள், காதில் வாங்கினால்தானே, ஐயே, நாத்தம் கொடலைப் புடுங்குது, தள்ளிப் போங்க என்கிறாள், அவன் சிரித்துக்கொண்டே கோப்பை எடுக்கிறான், எப்போதும் இரண்டு, ஒன்றில் கொஞ்சம் ரை, ஒன்றில் தாராளமாய்ப் பர்பன், எனக்குக் காரந்தான்டி சரி, உனக்கு இனிப்பு, ஒரு வாய் என்கூட உக்காரு, அவள் உட்கார்ந்ததே இல்லை, கடைசியில் அவள் பங்கையும் அவனே குடிப்பான், வீணாப் போகக்கூடாதுல்ல, வாரா வாரம், அப்படித்தான் பர்பன் பாட்டில் அதிகம் காலியானது.

ஐயோ, என் பங்கை அவருக்கு வைத்துவிட்டேனே. அவள் கதவில் கை வைக்கிறாள், மதினி, தொறக்காதீக, அண்ணன் சாப்பிடுறாரு, மாயழகு குறுக்கே வருகிறான், விடுங்க தம்பி, அவரு தனியா உக்காந்துருக்காரு என்று உள்ளே போகிறாள், கறி அப்படியே இருக்கிறது, முட்டை அப்படியே இருக்கிறது, இன்னொரு கோப்பை எடுத்து ரை ஊற்றி இலையின் வலது ஓரத்தில் வைக்கிறாள், பர்பன் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருகிறாள், ஒரு வாய், தொண்டை எரிகிறது, இனிப்பு எங்கே, அழுகையும் வரவில்லை, இன்னொரு வாய், நாக்கின் அடியில் எங்கோ மக்காச்சோளம், ஆமாங்க, இனிப்பாத்தான் இருக்கு என்று அவள் படத்தைப் பார்த்துச் சொல்லும்போது அவள் கோப்பை காலியாக இருந்தது.