கொக்கு வண்டி

மாமியார் வீட்டு கேட்டுக்குள் சங்கு முத்திரை போட்ட கார்களுக்கு மட்டும்தான் இடம். மாமனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் வேறு கம்பெனி வண்டியைத் தொட்டதில்லை. மூத்த மகன் சங்கு ஷோரூமிலேயே மேனேஜர். இளைய மருமகள் மட்டும் கொக்கு முத்திரை வண்டி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்து, கல்யாணத்துக்கு முன்பே சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கார். மூன்று வருடமாக அதைத் தெருவில்தான் நிறுத்தி வந்தாள். கொக்கு இன்னும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறதா என்று கணவனின் அண்ணனான அத்தான் கேட்கும்போதெல்லாம் வீடே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் இழுவை வண்டி வந்து நின்றது. அவளுக்குப் புதுச் சங்கு புக் செய்தாகிவிட்டது, பழையதை எடுத்துப்போக ஆள் வந்திருக்கிறது என்று அத்தான் பெருமையாக அறிவித்தார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் ஈரக் கையோடு வெளியே போய், காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மாமியார் வந்து, தெருவே வேடிக்கை பார்க்கிறது என்றார். ஓரகத்தி வந்து கண்ணாடியோரம் குனிந்து, நானும் முதலில் இப்படித்தான் முறைத்தேன், பிறகு பழகிவிட்டது என்றாள். அத்தான் புது வண்டியின் மைலேஜ், ஏர்பேக் என்று ஒன்றுவிடாமல் அடுக்கினார். வெயில் கொளுத்தியது. முதுகெல்லாம் நனைந்தது. அவள் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள்.

"உங்க வண்டி நல்ல வண்டிதான் அத்தான். நான் குறை சொல்லவே இல்லை. ஆனா என்னோடதை விக்கலாமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா."

"எனக்கும் இருக்கு."

கண்ணாடி மறுபடி ஏறியது.

இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்த இழுவை வண்டிக்காரர், கார் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்தார். உள்ளே இருப்பவள் பெயரில் என்று தெரிந்ததும், அந்தம்மா கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணியைக்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அத்தானின் முகம் தொங்கிப்போனது.

அவள் சாவியைத் திருகினாள். கணவன் படியிறங்கி வந்து மறுபக்கக் கதவைத் தட்டினான். அவள் உடனே திறக்கவில்லை. அவனும் நகரவில்லை.

"தப்பு என்மேலதான்," என்றான். "அண்ணன்கிட்ட வேணாம்னு சொல்லத் தைரியம் வரலை."

திறந்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் கொக்கில் ஏறினான். ஏறியதும் ஏசி பொத்தானைத் தேடினான்.

"அது வேலை செய்யாது," என்றாள். "வேணும்னா இறங்கிக்கலாம்."

அவன் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான்.