எழும்பினால் படம் நிற்கும்

1

இந்தக் கதையை ஒரு வெட்கத்தை மறைக்கத்தான் எழுதத் தொடங்கினேன். என் மகள் லதுஷாவின் முதல் கொன்சேர்ட்டில், முன்பள்ளிக் கலைவிழாவில், நான் செய்த ஒரு காரியம். எழுத எழுத அது மறைவதாக இல்லை.

முதல் தொடக்கம்: 'கண்டி நகரின் மேல் மார்கழிப் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த...'

(வெட்டிவிட்டேன். அன்று காலை பத்து மணி, நல்ல வெயில்.)

இரண்டாவது: 'ஐந்து வயதுப் பூசணிக்காய் ஒன்று மேடையில் நின்றது.' இது பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

2

வெள்ளிக்கிழமைகளில் லதுஷா, மனைவி றஞ்சனா, நான் மூவரும் வீட்டில் படம் பார்ப்போம். சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவர் எழும்பினால் படம் நிற்கும். தேத்தண்ணிக்கோ, கழிவறைக்கோ, எதற்கானாலும் சரி. மூவரும் மறுபடி உட்கார்ந்த பிறகுதான் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் எங்கள் வீட்டில் நாலு மணி நேரம்!*

* ஒருமுறை வில்லன் அரிவாளை ஓங்கியபடி இருபது நிமிடம் நின்றான். றஞ்சனா பருப்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

3

முன்பள்ளிக் கொன்சேர்ட்டில் மரக்கறி நடனம். லதுஷா பூசணிக்காய். நாவலப்பிட்டியில் வேலை செய்யும் றஞ்சனா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இடம்பிடிக்க என் பக்கத்துக் கதிரையில் குடையை வைத்திருந்தேன். பஸ் பிந்தியதால்...

(றஞ்சனா வாசித்துவிட்டுச் சொன்னது: "பாவம், பஸ்ஸைக் குறை சொல்லாதேங்கோ. நான்தான் பிந்தி வெளிக்கிட்டனான். அப்பிடியே எழுதுங்கோ." எழுதிவிட்டேன்.)

பாட்டு தொடங்கியது. கத்தரிக்காயும் வெண்டிக்காயும் சுற்றின. பூசணிக்காய் மட்டும் குடையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது:

"அப்பா, எழும்புங்கோ! அம்மா இன்னும் வரேல்லை!"

நான் எழும்பினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பாட்டு நின்றது.

(றஞ்சனா இந்த வரியின் கீழ் கோடு போட்டு, "இது எப்ப நடந்தது?" என்று கேட்டாள். நடக்கவில்லை.)

4

நான் எழும்பவில்லை. இருநூறு பேர் சிரித்தார்கள். நான் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினேன். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது. யாரோ ஒருவருடைய பூசணிக்காய் என்பதுபோல இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

பாட்டை நிறுத்தியவர் ஆஸிகா டீச்சர். மேடைக்கு வந்து லதுஷாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "அழ வாணாம் மகள். அம்மா வந்த பொறகு ஆடுவம்," என்றார். மரக்கறிகளெல்லாம் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டன. பத்து நிமிடத்தில் றஞ்சனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். நடனம் முதலிலிருந்து தொடங்கியது. பூசணிக்காய் போட்ட ஆட்டத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. எனக்கு அவ்வளவு சந்தோசம், அவ்வளவு வெட்கம்.

கதையை இங்கேயே முடித்திருப்பேன். அதற்குள் சுதேஷ் வீடியோவை அனுப்பிவிட்டார்.

5

சுதேஷ் வெண்டிக்காயின் அப்பா. எனக்குப் பின்வரிசையில் இருந்து எடுத்திருக்கிறார். இன்று வெள்ளிக்கிழமை, அதுதான் எங்கள் படம். "இண்டைக்கு ரிமோட் எனக்கு," என்று லதுஷா வாங்கிக்கொண்டாள்.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். (அ) வீடியோ பாதியில் பழுதாகிறது. (ஆ) சரியான நேரத்தில் மின்சாரம் போகிறது. (இ) குனிந்தது யாரென்று பிள்ளைக்குத் தெரியாமலே... மூன்றும் கோழைத்தனம்.

நடந்தது இது. திரையில் பாதியை என் முதுகு மறைத்திருந்தது. "அப்பா, எழும்புங்கோ!" என்று பூசணிக்காய் கத்தியது. முதுகு குனிந்தது.

நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

சட்டம் சட்டம்தான். லதுஷா படத்தை நிறுத்தினாள்.

"ஏனப்பா எழும்பினனீங்கள்?"

தேத்தண்ணிக்கு என்று சொல்லலாம். றஞ்சனா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறாள், அதனால் சொல்ல முடியாது. நான் பதில் சொல்லி உட்காரும்வரை படம் ஓடாது. வாசகரே, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று நீங்கள்தான் எழுதித் தரவேண்டும். ஆறுதலாக, அவசரமில்லாமல் யோசியுங்கள். இந்த முறை நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.