துப்பாக்கி வகுப்பில் இரண்டு ஸ்ட்ரவுட்

பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போடக் குனிந்த ரோவீனா ஸ்ட்ரவுட், தன் பெயருக்கு மேல் வரியைப் படித்துவிட்டுப் பேனாவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். டுவேன் ஸ்ட்ரவுட். அதே பெயரில் அரிசோனாவில் இன்னொருவன் இருக்கக் கூடாதா என்று ஒரு நொடி தன்னைத் தேற்றிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், அதே பழுப்புத் தொப்பியும் அதே தொங்கிய தோள்களுமாகக் காப்பி மேஜைக்குப் பக்கத்தில் அவனேதான் நின்றிருந்தான். மூன்று வருடங்களுக்கு முன் விவாகரத்தாகிப் பிரிந்துபோன கணவன்.

அவனும் பார்த்துவிட்டான். கையிலிருந்த கெட்டிலைச் சாய்த்தான். காப்பி கோப்பையில் விழாமல், அதற்கு ஒரு விரல் தள்ளி மேஜை மேல் கொட்டியது.

'என்னைப் பார்த்த பதற்றம்' என்று நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி கூட.

ரோவீனா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பத்தொன்று. கேம்ப் வெர்டிக்கு அப்பால், மண் சாலையின் கடைசியில் தனி வீடு. பிப்ரவரியில் ஒரு மதியம் யாரோ அவள் வீட்டுக் கதவின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார்கள். ஒரு முறை, பிறகு இன்னும் ஒரு முறை. அவள் ரொட்டி வெட்டும் கத்தியோடு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவன் போய்விட்டான். யார் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமே அவள் தம்பி வெண்டல் ஒரு ரைபிளைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு மாதம் அது துணி அலமாரியில் கோட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. கதவைவிட இப்போது அலமாரிதான் அவளைப் பயமுறுத்தியது. அதனால்தான் இந்த வகுப்பு.

ஆனால் டுவேன் எதற்கு? பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போகிறவன். அவனுக்கு எதற்கு ஆரம்பநிலை வகுப்பு? அதுவும் அவன் இருக்கும் ஷோ லோவிலிருந்து மலை இறங்கி மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு?

கேட்பதற்குள் விசில் ஊதியது. பயிற்றுநர் ட்ரூடி ஐந்தடிகூட இல்லை. பத்து வருடம் ராணுவத்தில் இருந்தவள். குரல் மட்டும் எதிர் மலையில் மோதித் திரும்பியது.

"மக்களே, கேட்டுக்கங்க! துப்பாக்கில எப்பவும் தோட்டா இருக்குன்னே நெனைங்க. சுடக் கூடாத எது பக்கமும் முனை திரும்பக் கூடாது. சுடறதுன்னு முடிவு பண்ற வரைக்கும் விரல் விசைக்குள்ள போகக் கூடாது. சுடறதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாத்துக்கங்க. இதுல ஒண்ணை மறந்தா கூட வீட்டுக்கு அனுப்பிடுவேன். எங்கம்மாவே வந்தாலும் அனுப்பிடுவேன். புரிஞ்சுதா?"

பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"இப்ப ஜோடி. பேர் வரிசைப்படிதான். ஸ்ட்ரவுட், ஸ்ட்ரவுட். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு. புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல" என்றாள் ரோவீனா.

"ஆமா" என்றான் டுவேன், அதே நேரத்தில். பிறகு, "அதாவது... இருந்தோம்" என்றான்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். ட்ரூடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்தி விடணுமா?"

வேண்டும் என்று சொல்லத்தான் ரோவீனா வாயைத் திறந்தாள். "பரவால்ல" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பேருந்தில் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் எந்தப் பொத்தான் எங்கே என்று தேடாமல் அமுக்குகிறவள் அவள். இந்த ரைபிளிடம் தோற்றுப்போனாள். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்ற ஒரு பொத்தான், அடைப்பை விடுவிக்க ஒரு தகடு, சேஃப்டிக்கு ஒரு நெம்பு. ஒன்றைத் தொட நினைத்தால் விரல் இன்னொன்றில் போய் விழுந்தது. இடது கால் முன்னால் என்றார்கள், வலது கால் போனது. காதை மூடும் கவசத்துக்குள் ட்ரூடியின் கட்டளைகள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டன. "காலி பண்ணுங்க" என்றபோது மேகசினைச் செருகினாள். "செருகுங்க" என்றபோது கையை உயர்த்திச் சந்தேகம் கேட்டாள்.

அதற்கு நடுவில் டுவேன் வேறு. அவன் ரைபிளை இடது தோளில் வைத்துச் சுட்டான். வலது கையால் சாப்பிடுகிறவன், வலது கையால் பந்து எறிகிறவன், இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இடது கையால் ஒரு ஆணிகூட அடிக்காதவன். அவன் சுட்டது இலக்கு அட்டையில் எங்கெங்கோ பட்டது.

"என்ன வேடிக்கை காட்டறியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் ஏன் இடது பக்கம்?"

"கத்துக்கலாம்னுதான்."

எப்போதும் இப்படித்தான். கேள்விக்கு அளவாக ஒரு பதில், அதற்குள் ஒன்றும் இருக்காது. மர அறுவை ஆலையில் வேலை போன இரண்டு மாதமும் காலையில் டிபன் பெட்டியோடு கிளம்பிப்போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தவன். கடைசியில் ஆலைக்காரன் மனைவி சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. மணம் முறிந்ததற்கு வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை. இந்தத் திறக்காத வாய்தான்.

அடுத்த பயிற்சிக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தோட்டாக்களைக் கொடுத்தாள் ட்ரூடி. போலி. வெடிக்காது. கூட்டாளி அவற்றை உண்மைத் தோட்டாக்களோடு கலந்து மேகசினில் அடைத்துத் தரவேண்டும். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. போலியில் விசையை இழுக்கும்போது முனை ஆடினால், உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே துள்ளுகிறது என்று அர்த்தம்.

டுவேன் திரும்பி நின்று அடைத்தான். நீட்டினான். அவள் கை போய்ச் சேருவதற்கு முன்பே விட்டுவிட்டான். மேகசின் புழுதியில் விழுந்தது.

"கையில குடுக்கக்கூட மனசில்லையா?"

"நழுவிடுச்சு."

அவள் துடைத்துச் செருகினாள். இழுத்தாள். வெறும் 'க்ளிக்'. முனை தரையைப் பார்த்துக் குதித்தது. இரண்டாவதும் க்ளிக். மூன்றாவதும். ஒவ்வொன்றுக்கும் அடுத்தது நிச்சயம் வெடிக்கும் என்று கண்ணை இறுக்கினாள். ஒன்றும் வெடிக்கவில்லை. பத்தாவது க்ளிக்கில் அவளுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

"பத்தும் போலியா? கலக்கணும்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"என்னைக் கோமாளி ஆக்கறதுக்கு வந்தியா?"

"கடைசி ரெண்டுல முனை ஆடவே இல்ல" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கவனிச்சியா?"

அவள் கவனிக்கவில்லை. அடுத்த மேகசினில் கலந்து வைத்திருந்தான். ஐந்து உண்மைத் தோட்டாக்களில் நான்கு அட்டையின் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நன்றி சொல்வதா, திட்டுவதா என்று புரியாமல் அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சைப் பிரித்தபடி டுவேன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். தன்னைத் தேடித்தான் வந்தானோ என்று நினைத்தாள். அப்படியானால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டானா? தேடி வரவில்லை என்றால், அந்தப் பத்துப் போலித் தோட்டாக்கள் எதற்கு? இரண்டு பக்கமும் கணக்கு உதைத்தது.

பிற்பகலில் கடைசிப் பயிற்சி. ஜோடி அருகருகே நிற்கவேண்டும். ஒருவர் சுடுவார். தோட்டா தீர்ந்தாலோ சிக்கினாலோ "நின்னுடுச்சு!" என்று கத்தி மண்டியிட வேண்டும். மற்றவர் "பாத்துக்கறேன்!" என்று கத்தித் தன் அட்டையில் சுடத் தொடங்க வேண்டும். சரியானதும் "தயார்!"

"கத்தணும், மக்களே!" என்றாள் ட்ரூடி. "மனசுக்குள்ள சொன்னா பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காது. வெக்கப்படறவங்க வாயில மண்ணுதான் விழும்."

டுவேன் முதலில் சுட்டான். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சத்தமில்லை. ரோவீனா தன் ரைபிளைத் தாழ்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள். ஐந்து நொடி. பத்து நொடி. கண்ணோரத்தில் பார்த்தாள். அவன் குனிந்து ரைபிளின் பக்கவாட்டுத் துளையை விரலால் தேடிக்கொண்டிருந்தான். விரல் உலோகத்தின் மேலும் கீழும் தடவியதே தவிர, துளையில் போய்ச் சேரவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி ஒன்று குறுக்கே சிக்கி நின்றது அவளுக்கே தெரிந்தது.

விசில். "நிறுத்துங்க! எல்லாரும் சேஃப்டி!" ட்ரூடி அவன் முன்னால் வந்து நின்றாள். "ஸ்ட்ரவுட்! சிக்கிடுச்சுன்னா கத்தச் சொன்னேன்ல? வாயைத் தச்சு வெச்சிருக்கா?"

"இதைத்தாங்க நான் இருபத்திரண்டு வருஷமா கேட்டேன்" என்றாள் ரோவீனா.

வரிசை முழுக்கச் சிரித்தது. டுவேன் சிரிக்கவில்லை. ரைபிளைத் தரைப் பலகையில் மெல்ல வைத்தான்.

"என்னால எடுக்க முடியல" என்றான். "வலது கண்ணு போயிடுச்சு. தூரம் பிடிபட மாட்டேங்குது. விரல் எங்கேயோ போகுது."

சிரிப்பு அறுந்துபோனது. ரோவீனாவுக்கு அந்த வாக்கியம் உடனே உள்ளே இறங்கவில்லை. கண்ணு போச்சு என்றால்? எங்கே போச்சு? அவன் முகத்தில் இரண்டு கண்ணும் இருக்கின்றனவே. மேஜையில் கொட்டிய காப்பி, புழுதியில் விழுந்த மேகசின், இடது தோள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்து நின்றன. காலையிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

ட்ரூடி இரக்கமெல்லாம் படவில்லை. "இடது கண்ணு?"

"நல்லாருக்கு."

"அப்ப அந்தக் கண்ணுக்கு இது முதல் வகுப்பு. காலைலயே சொல்லியிருந்தா வரிசையோட ஓரத்துல நிறுத்தி, சிக்கினதைத் தொட்டுப் பாத்தே எடுக்கச் சொல்லிக் குடுத்திருப்பேன். கட்டை விரல் ரைபிளோட உடம்பை விட்டு எழும்பவே கூடாது, தடவிட்டே போ. பாத்துத் தேடாத. ம்... வந்துடுச்சா? அவ்வளவுதான். திரும்ப முதல்லேர்ந்து!"

மறுபடி நின்றார்கள். அவன் நான்கு முறை சுட்டான். பிறகு, ரோவீனா தன் வாழ்நாளில் கேட்டிராத சத்தத்தில், "நின்னுடுச்சு!" என்று கத்தினான்.

"பாத்துக்கறேன்!" அவள் குரல் நடுவில் உடைந்தது. சேஃப்டியை விடுவிக்க மறந்து விசையை இழுத்தாள். அசையவில்லை. நெம்பைத் தேடித் தள்ளிச் சுட்டாள். ஒன்று அட்டையில், ஒன்று மண்மேட்டில், மிச்சம் எங்கே என்று தெரியாது. "தயார்!" என்று பக்கத்தில் கத்துவது கேட்டது. அவள் அதையும் தாண்டிச் சுட்டுக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் வெற்றுக் குப்பிகளைப் பொறுக்கினார்கள். அவளும் அவனும் ஒரே வாளியில் போட்டார்கள்.

"எப்போ?" என்று கேட்டாள்.

"செப்டம்பர்ல. திரை விழற மாதிரி மேலேர்ந்து இறங்கிச்சு. விழித்திரை கிழிஞ்சுடுச்சுன்னாங்க. பீனிக்ஸ்ல ரெண்டு தடவை கத்தி வெச்சாங்க. பார்வை நிக்கல."

"கூட யார் வந்தா?"

"பக்கத்து வீட்டு ஆளு. அவன்கிட்ட பல்லுன்னு சொல்லியிருந்தேன்."

"கண்ணுல கட்டோட வந்து நின்னப்பவுமா?"

"அவன் ஒண்ணும் கேக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. "இங்க எதுக்கு வந்த? ஷோ லோவில வகுப்பே இல்லையா?"

"அங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. நாப்பது வருஷமா மான் சுடறவன் இடது தோள்ல வெச்சுக் குருட்டுத்தனமா சுடறதைப் பாக்கணுமா?"

"நான் இந்தப் பக்கம்தான் இருக்கேன்னு தெரியாதா?"

"தெரியும்" என்றான். "நீ துப்பாக்கியைத் தொடுவேன்னு யார் கண்டா?"

ட்ரூடி சான்றிதழ்களைக் கொடுத்துக் கைகுலுக்கினாள். அவரவர் வண்டியில் ஏறினார்கள். அவன் பழைய பிக்கப் முன்னால் போக, ரோவீனா பின்னால் போனாள். சாலைக் கோட்டுக்குள் ஒழுங்காகத்தான் ஓட்டினான். அவள் வீட்டுக்குத் திரும்பும் மண் சாலை வந்தது. அவள் திரும்பவில்லை. அவன் ஓட்டுவதைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் அவன் நிறுத்தினான். அவளும் அடுத்த குழாயில் நிறுத்தி இறங்கினாள். அவள் வண்டித் தொட்டியில் பெட்ரோல் முக்கால் பங்கு இருந்தது.

"என்ன ரோ?" என்றான்.

"அடுத்தது எப்ப டாக்டர்கிட்ட?"

அவன் வழக்கம்போலத் தோளைக் குலுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வான் என்றுதான் நினைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வியாழக்கிழமை. பத்தரைக்கு. மூணாவது மாடி" என்றான். அதோடு நிற்கவில்லை. இடது கண்ணிலும் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்களாம். சொட்டு மருந்து விட்டால் ஒரு மணி நேரம் எரியுமாம். இரவில் எழுந்தால் முதலில் விளக்கைப் போட்டு, தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பானாம். இப்போது வேலை செய்யும் இடத்தில் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றான். அந்த வார்த்தையை அவன் வாயில் அவள் முன்பு கேட்டதே இல்லை.

அவள் குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி புரிந்தது. மறுபாதி எந்தக் கண், எந்த மருந்து என்று குழம்பியது. அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, அந்தத் தொப்பியைப் பிடுங்கி அவன் தலையிலேயே அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

பின்னால் காத்திருந்த ஒரு கார் ஹாரன் அடித்தது. டுவேன் பேச்சை நிறுத்தப் பார்த்தான்.

"நீ சொல்லு" என்றாள் ரோவீனா. கையை வீசி, அந்தக் காரைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள்.