வண்ணம் நீக்கிய பட்டியல்

டான்யூப் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரின் நகராட்சியில், செய்தித் தொடர்பாளர் லச்சேசருக்குக் கை நிறையச் சம்பளம், தலை நிறைய வண்ணம். எந்த அறிவிப்பையும் வேர்டில் ஜோடித்து, அப்படியே அள்ளிவந்து இணையதளத்தில் கொட்டுவார். தலைப்புக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. அவரோ எழுத்தைத் தடியாக்கிவிட்டு அதுதான் தலைப்பு என்பார். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் நிரல் குப்பையைத் தளத்தைப் பராமரிக்கும் தெமெனுகா தினமும் பெருக்கினாள். இந்த ஆள் கையில் மவுஸைக் கொடுத்தவனை உதைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கோடையில் தண்ணீர் வெட்டு வந்தது. 'தண்ணீர் நிறுத்தம்' என்று தலைப்பிட்டு லச்சேசர் தெருப் பெயர்களை அடுக்கினார். சிவப்பில் இருந்தால் இன்று தண்ணீர் கிடையாது, பச்சையில் இருந்தால் உண்டு. வேறு ஒரு சொல் இல்லை.

தொலைபேசி மேசையில் இருந்த ஜெலியாஸ்கோவுக்குப் பார்வை கிடையாது. பக்கத்தைக் கணினி படித்துச் சொல்லும், அவர் கேட்டுப் பதில் சொல்வார். கணினி வண்ணத்தையா படிக்கும்? அந்தத் தலைப்பின் கீழ் எல்லாத் தெருவும் வந்ததால், கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் இல்லை என்றார். ஊர் கொதித்தது.

"கண்ணு தெரியாதவரை போன்ல உக்கார வெச்சா இப்படித்தான்," என்று லச்சேசர் மேயரிடம் ஓதினார். திங்கட்கிழமை முதல் அங்கே வேறு ஆள் என்று முடிவாயிற்று.

தெமெனுகா நேரே லச்சேசரிடம் போனாள். "ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணி உண்டு, இல்லைன்னு எழுதிடுங்க. ஜெலியாஸ்கோ வேலை தப்பிச்சிடும்."

"பக்கத்தோட அழகே போயிடும்மா," என்றார் அவர், தின்றுகொண்டிருந்த பனீத்சா பலகாரத்தின் துணுக்கு உதட்டில் ஒட்டியிருக்க. "ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்துவாங்களா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைப்பு, பட்டியல் போன்ற முறையான குறிகளைத் தவிர, வண்ணம் உட்பட வேறெதையும் தளம் ஏற்கக் கூடாது என்று அன்றே வடிகட்டி போட்டாள். சேர்ந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

மறுநாள் பட்டியல் முழுவதும் கறுப்பு. மேயரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எங்க தெருவுக்குத் தண்ணி உண்டா?"

"உங்க தெரு பேரு இருக்குங்க," என்றார் ஜெலியாஸ்கோ.

"அது எனக்கும் தெரியுது. உண்டா, இல்லையா?"

"அதைத்தாங்க அன்னிக்கு நானும் தேடினேன்."

மேயர் பாதிச் சவரத்தோடு வந்து இறங்கினார். லச்சேசர் தெமெனுகாவைக் கைகாட்டினார். "இவதான் என் பக்கத்தைப் பாழாக்கிட்டா."

"ஜெலியாஸ்கோவுக்கு எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் அவள். "இன்னிக்கு உங்களுக்கும் அப்படி இருக்கு, அவ்வளவுதான்."

மேயர் கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஆளை மாத்தணும்னு சொன்னீங்களே லச்சேசர், யாரை?"

லச்சேசர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் தெருவுக்கு எதிரே 'தண்ணீர் இல்லை' என்று ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.