மெஷினில் கரண்ட் கசியவில்லை

1.
கேட்டுக்குக் கீல் வைக்கக் கொடுத்த பட்டறையில் இந்தக் கதை கிடைத்தது. வெல்டர் சொன்னார், பக்கத்தில் இருந்த அவர் மனைவி திருத்தினார். திருத்தியதுதான் இங்கே அதிகம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: துயரம் கவிந்த வானத்தின் கீழ் ஒரு மனிதன்

(வேண்டாம். பட்டப்பகல். சாரத்தில் நின்று மாடிக் கிரில் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.)

2.
மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார். தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. கூடவே வாய் வறண்டது, வேர்த்துக் கொட்டியது, கட்டிலில் [இதை அவர் முடிக்கவில்லை]. தேறிவிட்டோமே என்று மாத்திரையைத் தானே நிறுத்தினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சில நாளில் தலைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக். வெல்டர் வேறென்ன நினைப்பார்? மெஷின் கசிகிறது. எர்த் ஒயரை மாற்றினார். ராடு மாட்டும் ஹோல்டரை மாற்றினார். கூட வேலை செய்யும் பார்ட்னரிடம் மெஷினைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே மாப்ள."

"உனக்கு எருமைத்தோல். கையுறையைக் கழட்டிட்டுத் தொடு."

"தொட்டாச்சு. உன்னைத்தான் சர்வீஸுக்கு விடணும்."

அன்று வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் ஷாக் அடித்தது. பைத்தியம் பிடிக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்.

3.
இந்த இடத்தில் அவரைச் சாரத்திலிருந்து விழவைத்தேன். ஒரு பத்தி முழுக்க அழகாக விழுந்தார். அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் விழுந்தவர்கள் உண்டு. அதில் அழகு ஒன்றும் கிடையாது.

நடந்தது இதுதான்: பிரிக்காத மாத்திரை அட்டையை மனைவி பார்த்துவிட்டாள். "நீங்களே டாக்டரா?" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

"பைத்தியமெல்லாம் இல்லை," என்றார் டாக்டர். "பட்டுனு நிறுத்தினா இப்படி வரும். திரும்ப ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். ஷாக் நிக்கிற வரைக்கும் உயரத்துல ஏறாதீங்க. தொந்தரவு இருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே, வேற மாத்திரை பார்த்திருப்பேன்."

"வீட்டுக்காரி பக்கத்துல இருக்கும்போது அதை எப்படி சார் சொல்றது?"

"எனக்குத் தெரியாத ரகசியமா அது?" என்றாள் மனைவி.*

(*சிலருக்கு, அதிலும் இளவயதுக்காரர்களுக்கு, இந்த மாத்திரை ஆரம்பிக்கும்போது சாகிற நினைப்பே கூடலாம் என்று டாக்டர் எச்சரித்து, அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். "இல்லை சார்." அப்போதுதான் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.)

4.
மறுநாள் பார்ட்னரிடம் அவர் மெஷின்மேல் பழிபோட்டதாக ஒரு முடிவு எழுதினேன். மனைவி ஒப்பவில்லை. உண்மையைத்தான் சொன்னாராம்:

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மாப்ள. நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன். நடுவுல நிறுத்தித் தொலைச்சிட்டேன். கொஞ்ச நாள் நீ மேலே ஏறு, நான் கீழே பார்த்துக்கறேன்."

சொன்னதும் தலைச்சுமையை இறக்கிவைத்ததுபோல் இருந்ததாம்.

பார்ட்னர் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் இதைச் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஆள் எதிரே நிற்கிறார்.